2 பரப்பு வளவு: குரோட்டனுக்குப் பதிலாப் பழமரமும் பழச்செடியும் வைக்கலாமோ? எதை எங்க வைக்கிறது?

வளவுக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில 2 பரப்புக் காணி. கிழக்குப் பார்த்த வீடு, பூச்சு வேலை முடியுற கட்டம். காணி தெற்கு வடக்கா 55 அடி, கிழக்கு மேற்கா 99 அடி. வீட்டுக்கு முன்னால 28 அடி, கோடிப்பக்கம் (வீட்டுக்குப் பின்னால) 26 அடி, இரண்டு பக்கமும் பத்துப் பத்து அடி மிஞ்சுது. கிணறு வடமேற்கு மூலையில, குசினிக்குப் பின்னால. மலக்குழியும் ஊறுகுழியும் முன்னுக்குத் தென்கிழக்கில. கார் வாற கேற் வடகிழக்கில. மூண்டு பக்கம் மதில் இருக்கு, றோட்டுப் பக்கம் மட்டும் இப்போதைக்குக் கம்பி வேலி.

முன் முற்றத்துக்குப் புல்லும் குரோட்டனும் எண்டு ஒரு திட்டம் வரைஞ்சு தந்திருக்கினம். பார்க்க வடிவாத்தான் இருக்கு. ஆனால் கோடையில புல்லுக்கு ஊத்துற தண்ணியை மாதுளைக்கும் தேசிக்கும் (எலுமிச்சை) ஊத்தலாமே எண்டு நினைக்கிறன். வீட்டு முகப்பும் வடிவா இருக்கவேணும், பழமும் கிடைக்கவேணும். கறுத்தக்கொழும்பான் மாவும் பலாவும் கட்டாயம் வேணும் எண்டு வீட்டில சொல்லுகினம். எதை எங்க வைக்கலாம்?

செம்பாட்டான்:
தங்கச்சி, மரத்தின்ர பேரை எழுதுறதுக்கு முதல் நிலத்துக்குக் கீழ என்ன கிடக்குது எண்டு பாருங்கோ. கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் மேல நல்ல செம்பாட்டு மண், கீழ சுண்ணாம்புக்கல். கல் ஒரு இடத்தில 5 அடியில வரும், அதே காணியில பத்தடி தள்ளி ஒண்டரை அடியில வரும். மரம் நிக்கப்போற ஒவ்வொரு இடத்திலயும் அலவாங்கால (கடப்பாரை) குத்திப் பார்த்து ஒரு தாளில குறியுங்கோ. இந்த வேலைக்கு அரை நாள் போதும், பிறகு வாற பத்து வருசத்துக்கு உதவும்.

கல்லு முட்டின இடத்தில பிறகு ஒரு சோதனை. 2 அடி கிடங்கு வெட்டி நிறையத் தண்ணி விடுங்கோ. முழுக்க வத்தினாப் பிறகு இரண்டாந்தரம் நிரப்பி, விடிய வந்து பாருங்கோ. தண்ணி வத்தியிருந்தால் கல்லில வெடிப்பு இருக்கு, வேர் இறங்கும். அரைவாசி அப்பிடியே நிண்டால் அடியில கல் சட்டி மாதிரிக் கிடக்குது. அந்த இடத்தில மா, பலா, பப்பாசி எதை வைச்சாலும் கோடையில நல்லா நிண்டு கார்த்திகை மழையில வேர் அழுகிச் சாகும். அங்க ஒண்டரை அடி உயரத்துக்குக் கல் அடுக்கி மண் நிரப்பிச் சின்னச் செடிதான் வைக்கலாம்.

அடுத்தது தண்ணி. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாற கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு நிறைய. மண்ணின்ர பி.எச் (புளிப்பு, காரம் காட்டுற அளவு) 7.5இல இருந்து 8 வரைக்கும் நிக்கும். கொழும்பு, கம்பகாப் பக்கத்து அறிவுரையை வாசிச்சுப்போட்டு கிடங்குக்குள்ள டொலமைற் (சுண்ணாம்பு வகைத் தூள்) போடுறவை இருக்கினம். அது புளிப்பு மண்ணுக்குச் சொன்னது. எங்கட மண்ணுக்கு ஒரு பிடியும் போடக்கூடாது. எப்பாவல பாறைப் பொஸ்பேற்றும் அப்பிடித்தான், கரையிறதுக்குப் புளிப்பு மண் வேணும், இங்க வருசக்கணக்கில கல்லாவே கிடக்கும்.

ஸ்காபரோ:
நான் கனடாவில இருந்து எழுதுறன். இங்க வீட்டு முகப்பில புளூபெரி, கரண்ட், ராஸ்பெரி எண்டு பழச்செடிகளைத்தான் இப்ப அலங்காரச் செடிக்குப் பதிலா வைக்கினம். புளூபெரிக்கு வசந்தத்தில வெள்ளைப் பூ, கோடையில பழம், இலையுதிர் காலத்தில இலை சிவக்கும், வருசம் முழுக்கப் பார்வைக்கு ஏதோ ஒண்டு இருக்கும். ஒழுங்கும் நல்லது: பெரிய மரம் பின்னுக்கு, ஆள் உயரச் செடி சுவரோரம், முழங்கால் உயரச் செடி நடைபாதை ஓரம். பழம் பிடுங்கக் கை எட்டுற இடத்தில பாதை இருக்கவேணும், அதுதான் முக்கியம்.

தொட்டியில எண்டாலும் புளூபெரி அங்க வராதோ? இணையத்தில கன்று விக்கினம் எண்டு கண்டன்.

கடகம்:
வராது தம்பி, ஆசைப்பட்டுக் காசை விடவேண்டாம். புளூபெரிக்குப் பி.எச் 4.5 – 5.5 வேணும், அதோட குளிர்காலத்தில ஓய்வு வேணும். குளிர் குறைஞ்ச இடத்துக்கெண்டு எடுத்த இனங்களுக்குக்கூடச் சில நூறு மணித்தியாலம் குளிர் கேக்கும். யாழ்ப்பாணத்தில மார்கழி, தை இரவிலயும் 20 பாகைக்குக் கீழ இறங்குறது அருமை. தொட்டியில புளிப்பு மண்ணை நிரப்பினாலும் ஊத்துறது எங்கட கிணத்துத் தண்ணிதானே. அதில உள்ள சுண்ணாம்பு ஒரு கோடைக்குள்ள தொட்டி மண்ணையும் மாத்திப்போடும். ஸ்ரோபெரி நுவரெலியாவுக்குச் சரி. ரம்புட்டானும் அப்பிடித்தான். மல்வானைப் பக்கத்தில வீதியோரம் பார்த்திட்டுக் கன்று கொண்டு வருகினம். ஈரக்காத்தும் புளிப்பு மண்ணும் இல்லாமல் இலை ஓரம் கருகிக் கருகி நிக்கும்.

ஆனால் நீங்கள் சொன்ன ஒழுங்கு எங்களுக்கும் சரி. செடியை மட்டும் மாத்தவேணும். வேலிக்குக் கிளா (களாக்காய்), முற்றத்துக்கு மாதுளையும் பார்படோஸ் செரியும், நடமாட்டம் இல்லாத ஓரத்துக்கு மல்பெரி, பந்தலுக்கு முந்திரிகை (திராட்சை). எல்லாம் சுண்ணாம்பு மண்ணில நிக்கக்கூடியது.

வேலியோரம்:
றோட்டுப் பக்கத்துக்குக் கிளா எண்டு நானும் சொல்லுவன். கேற்றை விட்டால் 43 அடி வரும். இரண்டரை அடிக்கு ஒண்டு வைச்சால் 17 கன்று காணும். கம்பி வேலியில இருந்து இரண்டடி உள்ளுக்குத் தள்ளி வையுங்கோ, இல்லாட்டிக் கிளை வெளியால போய் றோட்டில போறவரின்ர சட்டையில கொழுவும். இரட்டை முள், கட்டாக்காலி மாடும் ஆடும் கிட்ட வராது.

விதையில இருந்து செய்யிறதெண்டால் பழுத்துக் கறுத்த பழத்தைப் பிசைஞ்சு கழுவி, நிழலில ஒரு நாள் உலர்த்தி, உடன போடுங்கோ. வைச்சிருந்தால் முளைக்கிற தன்மை கெதியாக் குறையும். தடி வெட்டி வைச்சு வேர் வைக்கிறது கஷ்டம். 2 – 3 வருசத்தில காய்க்கத் தொடங்கும். காய் ஊறுகாய்க்கும் சம்பலுக்கும், பழம் சும்மா சாப்பிட. காயைப் பிடுங்கினால் பால் வடியும், அது உடுப்பில பட்டால் கறை போகாது.

கவனிக்கவேண்டிய ஒண்டு, கிளா புதுக் கொழுந்தின்ர நுனியிலதான் பூக்கும். அலங்கார வேலி மாதிரி மாதத்துக்கு ஒருக்காக் கத்தரியால மட்டம் வெட்டினால் பச்சைச் சுவர் வரும், ஒரு காயும் வராது. பழம் முடிஞ்ச கையோட வருசத்துக்கு ஒருக்கா நாலடிக்கு வெட்டுங்கோ. இடையில நீட்டுற ஒண்டு இரண்டு தடியை மட்டும் எடுங்கோ.

மருதடி:
சின்னப் பிள்ளையள் விளையாடுற முற்றத்தில கிளா முள் வேண்டாம் எண்டு நான் நினைக்கிறன். கிளுவைத் தடியை ஊண்டினாலே வேலி வரும், குழையும் கிடைக்கும், செலவும் இல்லை. எங்கட ஊருக்கு உரிய வேலி அதுதான்.

வேலியோரம்:
கிளுவை நல்லதுதான், நான் மறுக்கேல்லை. ஆனால் கோடையில இலை கொட்டி வெறுந்தடியா நிக்கும். வீட்டு முகப்புக்குப் பச்சை வேணும் எண்டுதானே அவ கேக்கிறா. கிளா வருசம் முழுக்கப் பச்சை. பிள்ளையளுக்குப் பயம் எண்டால் நடைபாதைப் பக்கம் இரண்டடிக்குக் கீழ உள்ள கிளையளை எடுத்துவிட்டு, அதுக்கு முன்னால ஒரு வரிசை மணத்தக்காளியோ கற்பூரவள்ளியோ வைச்சால் முள்ளுக்குக் கிட்டப் போகமாட்டினம்.

தீவகம்:
மாதுளையைப் பற்றி எழுதுறன். வேலணை, புங்குடுதீவுப் பக்கத்து உவர்த் தண்ணியிலயே நிக்கிற செடி அது, கோண்டாவிலில சொல்லவே வேண்டாம். தோடை, தேசிக்கு ஊத்துற தண்ணியின்ர ஈ.சி (உப்புக் காட்டுற மின்கடத்து அளவு) மீற்றருக்கு 1.1 டெசிசீமனைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். மாதுளை அதுக்கு மேலயும் தாங்கும், பேரீச்சை 2.7 வரைக்கும் குறையாமல் காய்க்கும். உங்கட கிணத்துத் தண்ணியைக் கோடைக் கடைசியில, ஆவணி – புரட்டாதியில, ஒருக்கா அளந்து பாருங்கோ. மாரியில அளந்த கணக்கை நம்பவேண்டாம், மழைத்தண்ணி மேல வந்து நிக்கேக்க எல்லாக் கிணறும் நல்ல தண்ணிதான்.

மாதுளையைத் தன்ர பாட்டில விட்டால் அடியால இருபது தடி வந்து புதர் ஆகிடும். முகப்புக்கு வைக்கிறதெண்டால் 4 தடியை மட்டும் விட்டு, மற்றதை மண்ணோட வெட்டுங்கோ. மாதத்துக்கு ஒருக்கா அடித்துளிரைக் கையால கிள்ளினால் போதும். செடிக்குச் செடி 10 அடி. சிவந்த பூவுக்கே ஒரு மதிப்பு இருக்கு, குரோட்டன் தேவையில்லை.

இரண்டு தொல்லை வரும். ஒண்டு பழம் வெடிக்கிறது. காயவிட்டுக் காயவிட்டு ஒரு நாள் வெள்ளமாத் தண்ணி விட்டால், உள்முத்து வீங்கும், தோல் இழுபடாது, வெடிக்கும். காய் எலுமிச்சை அளவு வந்த நாளில இருந்து பிடுங்கும் வரைக்கும் 3 நாளுக்கு ஒருக்கா ஒரே அளவு தண்ணி விடுங்கோ, அடியில தென்னோலை பரப்புங்கோ. மற்றது காய் துளைக்கிற புழு. வண்ணாத்திப்பூச்சி காயிலயும் பூவடியிலயும் முட்டை இடும், புழு உள்ளுக்குப் போய்த் தின்னும், துளையால எச்சம் வெளியால வரும். மருந்தடிச்சு உள்ளுக்குப் போனதைக் கொல்ல ஏலாது. அந்த எலுமிச்சை அளவிலயே துணிப் பையோ நைலோன் வலைப் பையோ கட்டிவிடுங்கோ. அணிலுக்கும் அதுவே காவல்.

வளவுக்காரி:
நன்றி. செரியைப் பற்றி ஒருக்காச் சொல்லுங்கோ. ஒரு நாற்றுமேடையில செரி எண்டு காட்டினது பெரிய மரமா வளரும் எண்டு அயலில சொல்லுகினம்.

கடகம்:
அது ஜாம்பழ மரமா இருக்கும். கெதியா 20 அடிக்கு மேல போகும், பழம் இனிப்பு, ஆனால் இரவு முழுக்க வௌவால் வரும், காரும் வெள்ளைச் சுவரும் எச்சம் ஆகும். முகப்புக்கு வேண்டாம். நீங்கள் கேக்கவேண்டியது பார்படோஸ் செரி. ஆள் உயரப் புதர், இளஞ்சிவப்புப் பூ, பூத்து 3 – 4 கிழமையில பழம். ஒரு வரட்சிக்குப் பிறகு நல்லாத் தண்ணி காட்டினால் அல்லது மழை பெய்தால் ஒரேயடியாப் பூக்கும், அதாலை வருசத்தில பல தரம் பழம். விற்றமின் சி மிகக் கூடின பழங்களில அது ஒண்டு. பிடுங்கி ஒரு நாளுக்குள்ள பழுதாகும், அதுதான் சந்தையில காண ஏலாது, வீட்டில இருந்தால்தான் சாப்பிடலாம்.

வேர் மேலோட்டமா ஓடும், மண்வெட்டியால கொத்தாதேங்கோ. வேர் முடிச்சுப் புழுவுக்கு அது பலவீனம். முதல் கத்தரியும் தக்காளியும் நிண்ட மண் எண்டால் அந்த இடத்தில வைக்காமல் விடுறது நல்லது.

மல்பெரிக்கு (முசுக்கட்டை எண்டும் சொல்லுவினம்) பென்சில் தடிப்பில 8 – 10 அங்குலத் தடி, 3 – 4 கணு, மூண்டில இரண்டு பங்கு மண்ணுக்குள்ள. மாரி தொடங்கேக்க ஊண்டினால் போதும். கிளையை வெட்டி இலையையும் உருவிவிட்டால், வாற புதுத் துளிரோட பூவும் வரும், 6 – 8 கிழமையில பழம். ஒரேயடியா முழுச் செடியையும் வெட்டாமல் அரைவாசி இப்ப, மற்ற அரைவாசி ஒண்டரை மாதம் கழிச்சு எண்டு வெட்டினால் பழம் தொடர்ந்து கிடைக்கும். சீமெந்து நிலத்துக்குப் பக்கத்தில வைக்காதேங்கோ, விழுந்த பழத்தின்ர ஊதாக் கறை உரஞ்சினாலும் போகாது. உடுப்புக் காயப்போடுற கொடிக்குக் கிட்டவும் வேண்டாம், பழம் திண்ட குருவி கொடியில வந்துதான் இருக்கும்.

சாவகச்சேரி:
பலாவை ஒருத்தரும் கதைக்கேல்லை. தென்மராட்சியில வீட்டுக்கு வீடு பலா நிக்குது, தங்கச்சி கேட்டதை வைக்கட்டும். ஒட்டுப்பலா இப்ப கிடைக்குது, அடிமரத்தில காய்க்கிறதாலை உயரம் வளரவிடத் தேவையில்லை. பழம் ஒரு பக்கம், பலாக்குழை ஆட்டுக்கு.

செம்பாட்டான்:
அண்ணை, தென்மராட்சியில ஆழமான மணல் மண். ஆணிவேர் தடையில்லாமல் இறங்கும், மாரித் தண்ணியும் வடிஞ்சு போகும். கோண்டாவிலில கல்லு எத்தனை அடியில வருது எண்டதிலதான் எல்லாம் இருக்கு. பலா வேர் இரண்டு மூண்டு நாள் தண்ணிக்குள்ள நிண்டாலே பழுதாகிற மரம். அதோட 2 பரப்பில வீடு போக மிஞ்சின கோடியில பெரிய மரம் ஒண்டுக்குத்தான் இடம் காணும். இரண்டையும் நெருக்கி வைச்சால் இரண்டும் வெயிலைத் தேடி உயரம் போகும், பழம் உச்சியில, அணிலுக்கும் வௌவாலுக்கும்தான் எட்டும்.

சாவகச்சேரி:
கல்லு 4 அடி ஆழத்துக்குள்ளயே வந்தால் நீங்கள் சொல்லுறது சரி, நான் ஒத்துக்கொள்ளுறன். 6 அடியை விட ஆழத்தில எண்டால் பலாவை விட்டுட்டு மாவை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மாம்பழம் இரண்டு மாதம், பலா பிஞ்சில இருந்து கொட்டை வரைக்கும் கறிக்கு உதவும்.

செம்பாட்டான்:
அலவாங்கு முடிவு சொல்லட்டும்.

மாவெண்டால் கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று. கோடியில வீட்டுச் சுவருக்கும் மேற்கு மதிலுக்கும் நடுவில, இரண்டில இருந்தும் 13 அடி. தெற்கு மதிலுக்கு 15 அடி விடுங்கோ. எல்லை தாண்டின கிளையாலதான் அயலோட முகம் முறியிறது, கன்று வைக்கேக்கயே தள்ளி வைச்சால் அந்தக் கதை இல்லை. மின்கம்பி போற பக்கத்தையும் பாருங்கோ.

உயரத்தை 12 அடிக்குள்ள வைச்சிருக்க ஏலும், ஆனால் முதல் நாளில இருந்து செய்யவேணும். இருபது வருசத்து மரத்தை மொட்டை அடிக்கிறது வேற வேலை. ஒட்டுக்கன்று பிடிச்சு வளர்ந்து தண்டு முத்தினதும் நிலத்தில இருந்து 70 சென்ரிமீற்றரில வெட்டுங்கோ. மூண்டு கிளையை மூண்டு திசைக்கு விடுங்கோ. ஒவ்வொண்டும் 50 சென்ரிமீற்றர் போய் முத்தினதும் திரும்ப வெட்டு. வெட்டுற இடம் முக்கியம். மாங்கிளையைக் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ, ஒவ்வொரு துளிர்ப்பும் முடியிற இடத்தில இலையும் மொட்டும் நெருக்கமா ஒரு வளையம் மாதிரி இருக்கும், அதுக்குக் கீழ இலைக்கு இலை இடைவெளி விட்டிருக்கும். வளையத்துக்கு மேல வெட்டினால் ஏழெட்டுத் துளிர் கற்றையா ஒரே இடத்தில வரும், பிறகு பாரத்தில பிளக்கும். வளையத்துக்குக் கீழ வெட்டினால் இரண்டு மூண்டு துளிர், இடைவெளியோட, பலமா வரும்.

காய்க்கத் தொடங்கினாப் பிறகு பழம் முடிஞ்ச உடன, ஆடி – ஆவணிக்குள்ள கத்தரிச்சுப்போடவேணும். ஐப்பசி, கார்த்திகையில வெட்டினால் மழைக்குத் துளிர் கொழுத்து, தை – மாசியில பூக்கிற வயது அந்தத் துளிருக்கு வராது, அந்த வருசம் இலைதான். வெட்டினாப் பிறகு வெயில் நேரா விழுற கிளையளுக்குச் சுண்ணாம்பைக் கரைச்சுப் பூசுங்கோ, இல்லாட்டிப் பட்டை வெடிக்கும்.

பூக்கிற நேரம் தத்துப்பூச்சி வரும். மரத்துக்குக் கீழ நிண்டால் சடசட எண்டு பறக்கிற சத்தமே கேக்கும். இலையில தேன் மாதிரி ஒட்டும், பிறகு கரி படியும். நடுவில கிளை எடுத்து வெயில் உள்ளுக்கு விழுந்தால் பாதிக்கு மேல குறையும், அது நிழலிலதான் பெருகும்.

பழ ஈக்கு மெதைல் இயூஜினோல் பொறி தூக்குவினம். அது ஆண் ஈயை மட்டும்தான் பிடிக்கும். முட்டை இடுறது பெண் ஈ. அதாலை பொறியை மட்டும் நம்பாமல் விழுந்த பழத்தை அண்டண்டைக்குப் பொறுக்கிக் கறுத்தப் பொலித்தீன் பையில கட்டி ஒரு கிழமை வெயிலில போடுங்கோ. புழு உள்ளுக்கே வெந்துபோகும். மண்ணுக்குள்ள போகவிட்டால் அது அடுத்த தலைமுறை ஈ. கொய்யாவுக்கும் இதே வழிதான்.

பந்தல்காரன்:
தெற்குப் பக்கத்து 10 அடி ஒழுங்கைக்கு முந்திரிகைப் பந்தல் போடுங்கோ. வெயில் நல்லா விழும், சுவருக்கும் நிழல். எங்கட பக்கம் கூடுதலா நிக்கிறது இஸ்ரேல் புளூ. 7 அடி உயரம், ஜி.ஐ குழாய்த் தூண், மேல கம்பி ஒண்டரை அடிக்கு ஒண்டு. கொடிக்குக் கொடி 8 அடி விட்டால் ஒழுங்கைக்கு 4 கொடி காணும்.

வெட்டினால்தான் காய்க்கும், வெட்டாத கொடி இலைப்பந்தல் மட்டும். பழம் முடிஞ்சாப் பிறகு கொஞ்ச நாள் தண்ணியைக் குறைச்சு, பிறகு முத்தின கிளையைக் கணு எண்ணி வெட்டி, எருவும் தண்ணியும் குடுங்கோ. ஏறக்குறைய 4 மாதத்தில பழம். தையில ஒருக்கா வெட்டினால் சித்திரை – வைகாசியில பழம், வெயில் காலம், நோய் குறைவு. மாரி நடுவில துளிர் வரும்படி வெட்டினால் அடிச்சாம்பல் நோய் இலையையும் பூங்கொத்தையும் சேர்த்து எடுத்துப்போடும். காப்புக்குப் போர்டோக் கலவை: 10 லீற்றருக்குத் துருசு (செம்புச் சல்பேற்) 100 கிராம், நீத்தாத சுண்ணாம்பு 100 கிராம். வெவ்வேறு பிளாஸ்ரிக் வாளியில கரைச்சு, துருசுக் கரைசலைச் சுண்ணாம்புக்குள்ள மெல்ல ஊத்துங்கோ. இரும்பு வாளி வேண்டாம். தேய்ச்சுத் துலக்கின ஒரு ஆணியை அதுக்குள்ள தோய்ச்சுப் பார்த்துச் செம்பு நிறம் படிஞ்சால் இன்னும் சுண்ணாம்பு வேணும் எண்டு அர்த்தம். அண்டைக்கே அடிச்சு முடிக்கவேணும்.

கார் நிக்கிற இடத்துக்கு மேல போடவேண்டாம், மருந்துத் துளி பூச்சைப் பழுதாக்கும். அங்க கொடித்தோடை (பாஷன் புரூட்) விடலாம். ஆனால் மஞ்சள் இனத்துக்குத் தன்ர பூந்தூள் தனக்குச் சேராது, வெவ்வேறு விதையில வந்த இரண்டு கொடி வேணும். பூ மத்தியானம்தான் விரியும். கரும்வண்டு வராத இடத்தில அந்த நேரம் விரலால தூளை எடுத்து மற்றக் கொடியின்ர பூவில தடவுங்கோ.

வளவுக்காரி:
தேசிக்கு இடம் எது? எங்கட அம்மா வீட்டில நிக்கிற மரம் துளிர் எல்லாம் மஞ்சளா இருக்கு. யூரியா போட்டும் மாறேல்லை எண்டு சொல்லுறா.

கடகம்:
யூரியாவை நிப்பாட்டச் சொல்லுங்கோ. எந்த இலை மஞ்சள் எண்டு பார்க்கவேணும். அடி இலை, பழைய இலை முழுக்க மஞ்சள் எண்டால் நைதரசன் குறைவு. நுனித் துளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சையா வலை போட்ட மாதிரி நிண்டால் அது இரும்புக் குறைவு. மண்ணில இரும்பு இல்லாமல் இல்லை, செம்பாட்டின்ர சிவப்பே இரும்புதான். பி.எச் கூடினதால வேர் எடுக்க ஏலாமல் கட்டுண்டு கிடக்குது. அதாலை அன்னபேதியை (இரும்புச் சல்பேற்) மண்ணில போட்டாலும் அதுவும் சில நாளில கட்டுப்படும்.

இலையில தெளிக்கலாம்: லீற்றருக்கு 5 கிராம் அன்னபேதி, பின்னேரம், புதுத் துளிருக்கு, 10 நாள் இடைவெளியில மூண்டு தரம். மண்ணுக்குப் போடுறதெண்டால் ஈ.டி.டி.எச்.ஏ வகை இரும்பு கேட்டு வாங்குங்கோ. ஈ.டி.ரி.ஏ வகை மலிவு, ஆனால் எங்கட பி.எச்சில இரும்பைப் பிடிச்சு வைச்சிருக்காது. துளிர் சின்னனாகி நெருக்கமா வந்தால் நாகமும் குறைவு: லீற்றருக்கு 5 கிராம் சிங் சல்பேற், அதோட இரண்டரைக் கிராம் சுண்ணாம்பு. சுண்ணாம்பு சேர்க்காட்டி இலை கருகும்.

நிலையான வழி குழை தாழ்க்கிறதுதான். பூவரசு, கிளுவை, முள்முருக்குக் குழையை மரத்தின்ர கிளை நுனிக்கு நேர் கீழ, ஒரு அடி ஆழக் கானில தாழ்த்து மண் மூடுங்கோ. புரட்டாதிக் கடைசியில செய்தால் மாரி மழையில உக்கும். உக்கேக்க வாற புளிப்பு அந்த இடத்தில இரும்பை விடுவிக்கும். தண்டுக்குக் கிட்டவும், புதுக்கன்றின்ர கிடங்குக்குள்ளயும் பச்சைக் குழை போடாதேங்கோ, சூடு வேரைச் சுடும், கறையானும் வரும்.

தேசியை வடக்கு ஒழுங்கையில வைக்க நினைச்சிருந்தால் விடுங்கோ. புரட்டாதியில இருந்து பங்குனி வரைக்கும் சூரியன் தெற்கால போகும், வீட்டு நிழல் முழுக்க அந்த ஒழுங்கையிலதான். கோடியில கிணத்துக்கு 12 அடி தள்ளி வையுங்கோ. தண்ணி தண்டில முட்டாமல் இரட்டைப் பாத்தி கட்டுங்கோ, உள்வட்டம் உயர்ந்து காய்ஞ்சிருக்க, வெளிவட்டத்தில தண்ணி. தண்டடியில தண்ணி நிண்டால் பட்டை பிசின் விட்டு அழுகும்.

மருதடி:
கிணறு அதே காணியில எண்டதை மறக்கவேண்டாம். சுண்ணாம்புக்கல்லு வெடிப்பால யூரியா நேரா நிலத்தடித் தண்ணிக்குப் போகும். வலிகாமத்துக் கிணறுகளில நைத்திரேற் கூடினதுக்கு அளவில்லாமல் போட்ட பசளை ஒரு காரணம். கிணத்தைச் சுத்தி 10 அடிக்குள்ள பசளையும் மருந்தும் வேண்டாம். மரத்துக்குப் போடுறதையும் ஒரேயடியாப் போடாமல் நாலாப் பிரிச்சுப் போடுங்கோ, பெருமழைக்கு முதல்நாள் போடவே கூடாது.

வளவுக்காரி:
சொட்டுநீர் போடலாமோ? கோடையில எவ்வளவு தண்ணி வேணும்?

கடகம்:
சொட்டுநீர்த் துளையில எங்கட தண்ணி வெள்ளைச் சுண்ணாம்பு படிச்சு ஒரு கோடைக்குள்ள அடைச்சுப்போடும். மாதத்துக்கு ஒருக்கா வினாகிரிக் கரைசல் விட்டுக் கழுவ ஏலுமெண்டால் போடுங்கோ. இல்லாட்டி 10 லீற்றர் பெயின்ற் வாளியைக் கழுவி, அடியில ஆணியால ஒரு துளை போட்டுக் கன்றுக்கு ஒண்டரை அடி தள்ளி வையுங்கோ. முதல் கோடையில ஒண்டுவிட்ட ஒரு நாள் ஒரு வாளி. இரண்டாம் கோடையில இரண்டு வாளி, கிழமைக்கு இரண்டு தரம், இடத்தை மாத்தி மாத்தி. சோளகம் (தென்மேற்குக் காத்து) எழும்புற வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும்தான் கஷ்டம், காத்து இலையால தண்ணியை உறிஞ்சும். தெற்கு, மேற்குப் பக்கத்தில கன்றுக்கு ஒரு கிடுகு கட்டிவிட்டால் பாதிக் கவலை இல்லை.

வாளிக்கு மூடி போடுங்கோ. அடியில பொச்சுமட்டை பரப்புறதெண்டால் குழிஞ்ச பக்கம் நிலத்தைப் பார்க்கவேணும். மல்லாந்து கிடந்தால் கார்த்திகை, மார்கழியில ஒவ்வொரு மட்டையும் டெங்கு நுளம்புக்குத் தொட்டில்.

வளவுக்காரி:
எல்லாரும் சொன்னதை வைச்சு இப்பிடி யோசிச்சிருக்கிறன். றோட்டுப் பக்கம் 17 கிளா. முன் முற்றத்தில மாதுளை 2, பார்படோஸ் செரி 2, நடைபாதை ஓரம் மணத்தக்காளி. ஊறுகுழிக்கு மேல ஒரு கொய்யா. தெற்கில முந்திரிகை. கோடியில மா ஒண்டு, தேசி ஒண்டு, தென்மேற்கு மூலையில மல்பெரி, குசினித் தண்ணி போற இடத்தில வாழை. சரியோ?

செம்பாட்டான்:
கொய்யாவை ஊறுகுழிக்கு மேல வேண்டாம். வேர் ஈரத்தைத் தேடிப்போய்க் கல் இடுக்கை அடைக்கும், மூடியையும் தூக்கும். எந்த மரமும் 10 அடி தள்ளி. அந்த இடத்தில கற்றாழை, கற்பூரவள்ளி மாதிரி வேர் மேலோட்டமா ஓடுறதுகளை வையுங்கோ. கொய்யா வேணுமெண்டால் கோடியில மல்பெரிக்குப் பதிலா வையுங்கோ, இரண்டையும் நெருக்காதேங்கோ. வாழையில தாய், பிள்ளை, பேரப்பிள்ளை எண்டு மூண்டு மட்டும், மற்றக் குட்டியளை வெட்டுங்கோ. சவர்க்காரத் தண்ணியை ஒரே அடியில விடாமல் இரண்டு மூண்டு இடத்துக்கு மாத்துங்கோ.

கிடங்கை ஆவணியிலயே வெட்டி வெயில் படவிடுங்கோ. மாவுக்கு 3 அடிக்கு 3 அடிக்கு 3 அடி, மாதுளை, தேசி, செரிக்கு 2 அடி. மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை மறுபக்கம் குவியுங்கோ. மூடேக்க மேல்மண்ணோட மாவுக்கு 3 கடகம், மற்றதுக்கு ஒரு கடகம் நல்லா உக்கின மாட்டெரு, மாவுக்கு 150 கிராம் ரி.எஸ்.பி (பொஸ்பேற் பசளை). நிலமட்டத்துக்கு அரை அடி மேல குவிச்சு விடுங்கோ, இரண்டு மழையோட அது இறங்கும். ஐப்பசியில மழை பிடிச்சு மண் ஒரு அடிக்கு நனைஞ்சாப் பிறகு நடுங்கோ.

வளவுக்காரி:
கன்று வாங்கேக்க என்ன பார்க்கவேணும்?

சாவகச்சேரி:
யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில விவசாயத் திணைக்களத்திலயும் கேட்டுப் பாருங்கோ, தனியார் நாற்றுமேடையிலயும் பாருங்கோ. ஒட்டு நிலத்தில இருந்து அரை அடிக்கு மேல இருக்கவேணும், ஒட்டின இடம் ஒரே சீரா மூடியிருக்கவேணும். ஒட்டுக்குக் கீழ துளிர் விட்ட கன்று வேண்டாம். உயரமான கன்றைப் பார்த்து ஆசைப்படாதேங்கோ, பையின்ர அடியைத் திருப்பிப் பாருங்கோ. தடிச்ச வேர் அடியில வட்டமாச் சுருண்டு கிடந்தால் அது பைக்குள்ள கனகாலம் நிண்ட கன்று, பெரிசானாப் பிறகு சோளகத்துக்குச் சாயும். பையை நீளத்துக்குக் கீறி எடுங்கோ, மண்கட்டி உடையக்கூடாது. ஒட்டில சுத்தின பொலித்தீன் நாடாவை நட்டு ஒரு மாதத்தில வெட்டி எடுங்கோ. மறந்தால் தண்டு பெருத்து அந்த இடத்திலயே நெரிபடும்.